காடாத் துணித் திரையில் ஈ.டி.யைக் காட்டித் தந்தவர்களுக்கு

அன்பார்ந்த உறவுகளுக்கும் ஊர்ப் பெரியவர்களுக்கும் வணக்கம்.

திருச்செங்கோட்டை அடுத்த எங்கள் ஊரில் இந்தச் சித்திரையில் மாரியம்மன் நோம்பி முடிந்த மறுநாள் இரவு, எங்கள் வீட்டு வாசலில் குடும்பத்தார் எல்லோரும் கூடி அமர்ந்து, ஸ்டீவன் ஸ்பீல்பெர்க் இயக்கி 1982இல் வெளிவந்த ‘ஈ.டி.’ படத்தைப் பார்த்தோம். பூமியில் தனியே விடுபட்டுப்போன வேற்றுக்கிரக உயிர் ஒன்றை ஒரு சிறுவன் ஒளித்து வைத்துக் காத்து, வீட்டுக்கு அனுப்பி வைக்கும் கதை அது. இரண்டு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவான அந்தப் படத்துக்காக ஒரு வாரம் உழைத்தவர்களைக் கும்பிட்டு நன்றி சொல்ல அன்றைக்கு எனக்கு நா எழவில்லை. அதனால்தான் இந்த மடல்.

முதல் நன்றி என் அத்தைக்கு. நான் நான்காம் வகுப்பு முடித்திருந்த கோடை விடுமுறையில் என்னையும் தம்பியையும் ஈரோட்டுக்குப் பேருந்தில் அழைத்துப் போய் இந்தப் படத்தைக் காட்டியவர் அவர். அப்பா அப்போது ஆழ்துளைக் கிணறு தோண்டும் போர் வண்டியில் மத்தியப் பிரதேசத்தில் இருந்தார். எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்கு அது பழகிப்போன ஒன்று. ஆழ்துளைக் கிணறு போட வடக்கே போன ஆட்கள், அங்கே மழை இறங்கிய பிறகுதான் வீடு திரும்புவார்கள். அத்தைக்கு ஆங்கிலம் தெரியாது. ஆனாலும் படம் நெடுக எங்கள் காதோரம் குனிந்து, “நோம்பிக் கூட்டத்துல கை விட்டுப் போன கொழந்த சாமி அது, அவங்க ஆத்தா தேடிக்கிட்டு வருவா” என்று தாமாகவே ஒரு கதையைச் சொல்லிக்கொண்டு வந்தார். இத்தனை ஆண்டுகள் கழித்துப் பார்க்கையில், அத்தை சொன்னதில் ஒரு பிழையும் எனக்குத் தென்படவில்லை.

திரைக்கான காடாத் துணியைப் பள்ளிபாளையத்தில் தறி ஓட்டும் மாமா கொடுத்தனுப்பினார். ஒரே அகலத்தில் போதாமல் இரண்டு துண்டுகளை இணைக்க வேண்டியிருந்தது. எங்கள் வீதித் தையற்காரர், “தையல் எந்த எடத்துல வந்தா படத்துக்குத் தொந்தரவு இருக்காதுங்க? கீழ வெச்சுக்கலாங்களா?” என்று கேட்டார். கீழே மட்டும் வேண்டாம் என்றேன். இந்தப் படத்தில் கேமரா பெரும்பாலும் பத்து வயதுப் பையனின் கண் உயரத்திலேயே நிற்கிறது. தாயைத் தவிர மற்றப் பெரியவர்களின் முகங்கள் பிற்பகுதி வரைக்கும் நமக்குக் காட்டப்படுவதே இல்லை. இடுப்பில் குலுங்கும் சாவிக்கொத்தும் இருட்டில் அலையும் டார்ச் வெளிச்சமும்தான் தெரிகின்றன. நடப்பதெல்லாம் கீழே, பிள்ளைகளின் உயரத்தில்தான். அவர் கவனமாகக் கேட்டுக்கொண்டு, மேலிருந்து ஒரு முழத்தில் தையலைப் போட்டு, நிழல் விழாதபடி பின்பக்கம் இஸ்திரி வைத்து அழுத்தித் தந்தார். கூலி வாங்கிக்கொள்ளவில்லை.

படம் பதிந்த வட்டைத் தேடி வாங்கியவள் தம்பி மகள். 2002இல் இந்தப் படத்தை மறுபடி வெளியிட்டபோது, துரத்தி வரும் அரசு ஆட்களின் துப்பாக்கிகளைக் கணினி கொண்டு வாக்கி டாக்கிகளாக மாற்றியிருந்தார்கள். பின்னாளில் ஸ்பீல்பெர்க்கே அதற்காக வருந்தினார். நாங்கள் சிறு வயதில் பயந்த இடத்தில் இன்றைய பிள்ளைகளும் பயப்பட வேண்டும் என்று சொல்லிப் பழைய வடிவத்தையே அவள் வாங்கி வந்தாள். அவள் செய்ததே சரி.

பணி ஓய்வு பெற்ற எங்கள் ஆசிரியர் ஐயா, சின்னப் பிள்ளைகளுக்காகவும் அத்தைக்காகவும் வசனங்களைத் தமிழில் சொல்ல ஒப்புக்கொண்டார். மெலிசா மாத்திசன் எழுதிய அந்த வசனங்கள் மிகச் சிறியவை, ஆகவே கடினமானவை. பிரியும் நேரத்தில் அந்த உயிர் பையனை ‘கம்’ என்று கூப்பிடுகிறது. பையன் ‘ஸ்டே’ என்கிறான். ‘நீ இரு’ என்று அவன் கெஞ்சுகிறானா, ‘நான் இருக்கிறேன்’ என்று சொல்லிக்கொள்கிறானா? ஆங்கிலத்தில் அந்த ஒற்றைச் சொல் இரண்டையும் தாங்கிக்கொள்கிறது. தமிழில் வினைச்சொல் வாயில் வரும்போதே யார் என்பதும் சேர்ந்து வந்துவிடும். இதற்காகவே ஐயா அன்று பகலில் இரண்டு முறை எனக்குத் தொலைபேசியில் பேசினார். இரவில் அந்த இடம் வந்தபோது குரலைத் தாழ்த்தி, “நான் இங்கியே இருந்துக்கறேன்” என்றார். வீட்டை நினைத்து ஏங்கிய ஓர் உயிரைப் போகவிடுகிறவன் அப்படித்தான் சொல்லுவான் என்றே எனக்கும் படுகிறது. காட்சிகளைப் பெரும்பாலும் கதை வரிசைப்படியே படமாக்கியதால், அந்தப் பிரிவில் பிள்ளைகள் விட்ட கண்ணீர் மெய்யாக வந்தது. எங்கள் வாசலில் இருந்த பிள்ளைகளின் கண்ணீரும் அப்படியே.

சவுண்டு சர்வீஸ் தம்பிக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். கடைசித் துரத்தலுக்கான இசையை ஓடும் படத்தோடு பொருத்த இசையமைப்பாளர் ஜான் வில்லியம்ஸ் சிரமப்பட்டபோது, ஸ்பீல்பெர்க் படத்தை நிறுத்திவிட்டுக் கச்சேரியில் வாசிப்பதைப் போல வாசிக்கச் சொல்லி, பிறகு அந்த இசைக்கு ஏற்பப் படத்தைத் தொகுத்துக்கொண்டார். அந்த இசைக்கு ஆஸ்கர் விருதும் கிடைத்தது. இதைச் சொன்னதும் தம்பி, நோம்பிக்குக் கட்டியிருந்த குழாய் ஒலிபெருக்கிகளை இணைக்காமல், இரண்டு பாக்ஸ்களை மட்டும் மண் தரையில் இறக்கி வைத்தார். மிதிவண்டிகள் மேலெழுந்தபோது அமர்ந்திருந்த தரையே அதிர்ந்தது.

இனி, நான் எதிர்பாராத ஒன்று. படத்தில், விண்ணுக்குச் செய்தி அனுப்பும் கருவிக்காகச் சாமான் தேடும் அந்தப் பையனும் அவன் அண்ணனும், கார் நிறுத்தும் இடத்தில் தங்கள் தகப்பனாரின் பழைய சட்டை ஒன்றைக் கண்டெடுத்து முகர்ந்து பார்க்கிறார்கள். அவர் குடும்பத்தைப் பிரிந்து மெக்சிகோவுக்குப் போய்விட்டவர். சிறு வயதில் இந்தக் காட்சி என் நினைவில் தங்கவே இல்லை. நிலவைக் கடந்த மிதிவண்டியும், செக்கச் செவேலென்று ஒளிர்ந்த மார்பும்தான் தங்கின. இப்போது அந்தச் சட்டையைப் பார்த்ததும், எங்கள் தகரப் பெட்டியில் டீசலும் கல் தூசியும் மணக்கக் கிடந்த அப்பாவின் அரைக்கைச் சட்டை நினைவுக்கு வந்து நான் எழுந்து உள்ளே போய்விட்டேன். பெற்றோர் பிரிந்தபோது ஸ்பீல்பெர்க் தமக்கென்று கற்பித்துக்கொண்ட துணையிலிருந்தே இந்தக் கதை பிறந்தது என்பதை அறிந்திருந்தும், அன்று இரவு வரை அது எனக்கு வெறும் செய்தியாகவே இருந்தது.

அப்பா இந்தப் படத்தை அன்றுதான் முதன்முறையாகப் பார்த்தார். நாற்காலி வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் பேரப்பிள்ளைகள் நடுவே ஜமக்காளத்தில் உட்கார்ந்திருந்தார். படம் முடிந்து விளக்குப் போட்ட பிறகும் எழவில்லை. “அந்தப் பையனோட அப்பன் கடைசி வரைக்கும் வரவே இல்லியே, கண்ணு” என்றார். எனக்குப் பதில் வரவில்லை. அத்தைதான், “நீங்க வந்துட்டீங்கல்லண்ணா, எந்திரிச்சு வாங்க, சோறு ஆறுது” என்று கையைப் பிடித்துத் தூக்கிவிட்டார்.

பவானி ஜமக்காளங்களை விரித்துக் கொடுத்த எதிர்வீட்டாருக்கும், படம் முடியும் வரை திண்ணை விளக்குகளை அணைத்து வைத்திருந்த வீதியினருக்கும், நாற்பது பேருக்கும் சலிக்காமல் காபி கலந்து கொடுத்த தம்பி மனைவிக்கும் என் நெஞ்சார்ந்த நன்றி. திரைத் துணியைத் துவைத்து மடித்து எங்கள் வீட்டில் வைத்திருக்கிறோம். பிள்ளைகளுக்குப் படம் காட்ட விரும்புகிறவர்கள் எப்போது வேண்டுமானாலும் வந்து எடுத்துச் செல்லலாம். கட்டும்போது தையல் மேலே வரும்படி பார்த்துக் கட்டுங்கள்.

என்றும் நன்றியுடன்,
போர் வண்டிக்காரர் வீட்டு மூத்த மகள்