ஹைடல்பெர்க்கில் இருக்கும் மகளுக்கு

அன்புள்ள கயல்,

நேற்று போனில் பேசி முடிப்பதற்குள் உனக்கு வேலை வந்துவிட்டது. நண்பர்களோடு சேர்ந்து கொண்டுவரும் கவிதைத் தொகுப்பில் எதை எடுப்பது, எதை விடுவது என்று தூக்கம் கெட்டுக் கிடக்கிறாய். அட்டையில் ‘ஆந்தாலஜி’ என்றே போடப்போவதாகச் சொன்னாய். அந்தச் சொல்லின் கதையில் ஒரு பெரிய பகுதி நீ இருக்கும் ஊரிலேயே நடந்தது. அதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன்.

கிரேக்கத்தில் ‘அந்தோஸ்’ என்றால் பூ. ‘லெகெய்ன்’ என்றால் பொறுக்கிச் சேர்ப்பது. கி.மு. 100-ஐ ஒட்டி மெலேயாகர் என்ற கவிஞர் தனக்கு முந்தியவர்களின் குறுங்கவிதைகளையும் தன்னுடையவற்றையும் சேர்த்து ஒரு நூல் செய்தார். அதற்கு அவர் வைத்த பெயர் ‘மாலை’. முன்னுரையும் கவிதைதான். கதம்பம் கட்டுகிறவர் ஒவ்வொரு பூவாக எடுத்து வைப்பதுபோல, நாற்பதுக்கும் மேற்பட்ட கவிஞர்களுக்கு ஆளுக்கொரு பூவோ செடியோ சொல்லிக்கொண்டு போகிறார். அனிட்டேவுக்கு லில்லி. சாப்ஃபோவுடையவை கொஞ்சம்தான், ஆனால் ரோஜாக்கள். கடுமையாக வசைபாடிய ஆர்க்கிலோக்கஸுக்கு முள்செடியின் பூ. முள் என்று தெரிந்தும் அதை மாலையில் வைத்தார் பார், அந்த இடம் எனக்கு மிகவும் பிடிக்கும்.

மெலேயாகர் ஏதென்ஸ்காரர் இல்லை. இன்றைய ஜோர்டானில் உள்ள கதாராவில் பிறந்து, தீர் நகரில் வளர்ந்து, வயதான காலத்தில் கோஸ் தீவில் குடியேறியவர். அன்று அந்தப் பகுதியையும் சிரியா என்றுதான் சொன்னார்கள். நான் சிரியாக்காரன் என்பதில் என்ன வியப்பு, நாம் எல்லோரும் உலகம் என்ற ஒரே நாட்டில்தானே இருக்கிறோம் என்று தன் கல்லறைக்குத் தானே எழுதிவைத்தார். இன்னொரு கல்லறைக் கவிதையில் வழிப்போக்கனுக்கு மூன்று மொழிகளில் வணக்கம் சொல்கிறார். வெளியூரில் இருக்கும் உனக்கு இந்த மனிதரைத் தெரிந்திருக்க வேண்டும் என்று எனக்கு ரொம்ப ஆசை.

அவர் கட்டிய மாலை அப்படியே நமக்குக் கிடைக்கவில்லை. கான்ஸ்டாண்டிநோபிளில் பின்னால் வந்தவர்கள் அதைப் பிரித்து, வேறு கவிதைகளோடு கலந்து, புதிய தொகுப்புகள் செய்தார்கள். 1300-ஐ ஒட்டி பிளானுடீஸ் என்ற துறவி ஒன்று செய்தார். அவர் கைப்படத் தயாரான பிரதி இன்றும் வெனிஸ் நூலகத்தில் இருக்கிறது. அந்தத் தொகுப்பை 1494-ல் ஃபிளாரன்ஸில் லாஸ்காரிஸ் என்ற கிரேக்க அறிஞர் அச்சிட்டார், முழுக்க முழுக்க கேப்பிட்டல் எழுத்துகளில். நூலின் தலைப்பிலேயே ‘அந்தோலோகியா’ இருந்தது. பிரதிகள் பரவப் பரவ, படித்தவர்கள் வாயில் சொல்லும் பரவியது. பிரெஞ்சு, இத்தாலியம், ஸ்பானியம், ஆங்கிலம், போலிஷ், ஸ்வீடிஷ் என்று ஒன்று விடாமல் எடுத்துக்கொண்டன. பெரும்பாலான மொழிகளில் நடுவில் வெறும் ‘ட்’ ஒலிதான், கிரேக்கத்தில் அங்கே இருக்கும் ‘தீட்டா’ என்ற எழுத்தின் ஒலியை (th) ஆங்கிலம் மட்டும் ஏறக்குறைய அப்படியே வைத்திருக்கிறது.

ரஷ்யனில் இது இரண்டு தடவை நுழைந்தது. கான்ஸ்டாண்டிநோபிளைத் தலைமையிடமாகக் கொண்ட பைசாந்தியத் திருச்சபை வழியாக வந்தபோது ‘அன்ஃபொலொகியோன்’, அது வழிபாட்டு நூலின் பெயர். மேற்கிலிருந்து வந்தபோது ‘அன்டலோகியா’, அது கவிதைத் தொகுப்பு. ஒரு எழுத்தை வைத்தே எந்த வாசல் வழியாக வந்தது என்று சொல்லிவிடலாம்.

சில மொழிகள் சொல்லைக் கடன் வாங்கியதோடு நிற்காமல் தம் சரக்கிலேயே ஒன்று கட்டிக்கொண்டன. லத்தீனில் ‘ஃப்ளோரிலேகியும்’, டச்சில் ‘ப்ளூம்லேசிங்’, ஜெர்மனில் ‘ப்ளூட்டென்லேசெ’, எல்லாமே பூப்பறிப்புதான். ஜெர்மனில் ‘லேசென்’ என்றால் வாசிப்பது என்று உனக்குத் தெரியும். பொறுக்குவது என்ற பழைய பொருளும் அதில் உண்டு. உங்கள் பக்கத்தில் திராட்சைப் பறிப்பை ‘வைன்லேசெ’ என்கிறார்களே, அதே லேசெதான்.

இனி உன் கவலைக்கு வருகிறேன். பிளானுடீஸ், தன் மனதுக்கு ஒவ்வாத காதல் கவிதைகள் பலவற்றைத் தள்ளிவிட்டார். முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் ஐரோப்பா படித்தது அவர் வடிகட்டியதைத்தான். ஆனால் அதைவிடப் பழைய இன்னொரு தொகுப்பின் 10-ஆம் நூற்றாண்டுக் கையெழுத்துப் பிரதி ஹைடல்பெர்க் நூலகத்தில் இருந்தது. அதை 1606-ஐ ஒட்டி, இருபது வயதுகூட ஆகாத சல்மாசியுஸ் என்ற மாணவன் கண்டு, தெரியாத கவிதைகளை நகலெடுத்தான். முப்பதாண்டுப் போரில் 1622-ல் ஊர் விழுந்ததும் நூலகமே ரோமுக்குப் போயிற்று. 1797-ல் அந்தப் பிரதி பாரிஸுக்குப் போனது. 1816-ல் பெரிய பகுதி மட்டும் உன் ஊருக்குத் திரும்பியது. சிறிய பகுதி இன்னும் பாரிஸில்தான். திரும்பி வந்ததைப் பல்கலைக்கழக நூலகம் இணையத்தில் பக்கம் பக்கமாகப் போட்டிருக்கிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை பொறுமையாகப் பார்.

தேர்ந்தெடுக்கிறவர் விட்டுத்தான் ஆகவேண்டும் கயல், அதற்காகக் குற்ற உணர்ச்சி வேண்டாம். ஆனால் காரணத்தை மட்டும் முன்னுரையில் எழுது, மெலேயாகர் ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி அறிமுகப்படுத்தினாரே, அந்த மரியாதையோடு. சங்கடமாக இருக்கிறது என்பதற்காக எதையும் தள்ளாதே. அந்த வயதான பெண்மணியின் கோபமான கவிதையை எடுத்துவிடலாமா என்று கேட்டாயே, அது இருக்கட்டும் என்பது என் கருத்து.

விட்டவற்றின் பட்டியலையும் எனக்கு அனுப்பு. அவற்றையும் படிக்க வேண்டும். குளிர் ஆரம்பித்துவிட்டது என்றாய், காதை மூடிக்கொண்டு போ.

அன்புடன்,
அம்மா