தாவரச் சாறு பூஞ்சைக்கொல்லி: தவறான லேபிள், தவறான ஆலோசனை குறித்த புகார்

அனுப்புநர்
மாடித்தோட்ட வாடிக்கையாளர்,
நங்கநல்லூர், சென்னை.

பெறுநர்
மேலாளர்,
வாடிக்கையாளர் குறைதீர்ப்புப் பிரிவு,
சென்னை.

பொருள்: உங்கள் வேப்ப எண்ணெய் – பூண்டுச் சாறு கலவையால் கருகிய காய்கறிப் பயிர் குறித்து

ஐயா / அம்மையீர்,

உங்கள் நிறுவனத்தின் பூஞ்சைக்கொல்லியை வாங்கி, வெண்டை இலையில் வெள்ளைப் பொடி போலப் பரவிய சாம்பல் நோய்க்காக லேபிளில் சொன்னபடி தெளித்தேன். நோய் அடங்கவில்லை. உங்கள் சேவை எண்ணை அழைத்தேன். பேசியவர், "கடையில் கிடைக்கும் நனையும் கந்தகத் தூளையும் இதோடு ஒரே தெளிப்பானில் கலந்து அடித்துவிடுங்கள் அம்மா, வேகமாகக் கேட்கும்" என்றார். பக்கத்தில் இருக்கும் வெள்ளரிக்கும் புடலைக்கும் சேர்த்தே அடிக்கச் சொன்னார். அப்படியே செய்தேன். மறுநாள் மாலைக்குள் வெள்ளரி இலைகளின் விளிம்பு தாமிர நிறமாகிச் சுருண்டது. தொட்டால் அப்பளம் போல நொறுங்கியது. புடலையில் பூவும் பிஞ்சும் உதிர்ந்துவிட்டன.

எண்ணெயும் கந்தகமும் ஒன்றாகச் சேர்ந்தால் இலை வெந்துபோகும். ஒன்றைத் தெளித்த செடிக்கு மற்றொன்றைத் தெளிப்பதற்கு இரண்டு வாரமாவது இடைவெளி வேண்டும் என்பது பயிர்ப் பாதுகாப்பின் அரிச்சுவடி. வெயில் 32 டிகிரியைத் தாண்டும்போது கந்தகத்தைத் தனியாகத் தெளித்தாலே செடி தாங்காது. சென்னையில் மொட்டை மாடித் தளம் எப்படிச் சுடும் என்பது இந்த ஊரில் அலுவலகம் வைத்திருக்கும் உங்களுக்குத் தெரியாததா? எண்ணெய் விற்கும் நிறுவனத்தின் ஆலோசகருக்கே இது சொல்லிக் கொடுக்கப்படவில்லை என்றால், அந்தச் சேவை எண்ணை எதற்காக அச்சடித்திருக்கிறீர்கள்?

அடுத்து லேபிள். "ஒரு லிட்டர் தண்ணீருக்கு 2 முதல் 20 மில்லி வரை" என்று போட்டிருக்கிறீர்கள். இரண்டுக்கும் இருபதுக்கும் பத்து மடங்கு வித்தியாசம். எந்தப் பயிருக்கு எவ்வளவு, நாற்றுக்கு எவ்வளவு, காய்க்கும் செடிக்கு எவ்வளவு என்று ஒரு வரி கிடையாது. வேப்பங்கொட்டைச் சாறு 5 சதவீதம் என்றால் 100 லிட்டருக்கு 5 கிலோ பருப்பு என்று கிராமத்து உழவர் வாய்க்கணக்காகச் சொல்வார். காசு வாங்கிக்கொண்டு பாட்டிலில் அடைத்துத் தரும் உங்களுக்கு அந்தத் தெளிவுகூட இல்லை. மாலையில் தெளிக்க வேண்டும், இலையின் அடிப்பக்கமும் நனைய வேண்டும், நோய் தலைகாட்டும்போதே தொடங்க வேண்டும் என்பதும் அதில் இல்லை. சாம்பல் நோய்ப் பூஞ்சை பெரும்பாலும் இலையின் வெளிப்பரப்பிலேயே படர்வது. அதனால்தான் எண்ணெய்ப் படலம் அதன் வித்துகள் முளைப்பதைத் தடுக்க முடிகிறது. இலை முழுக்க வெளுத்த பிறகு தெளித்துப் பயனில்லை. இதைச் சொன்னால் விற்பனை குறைந்துவிடும் என்று பயமா?

குணமாகும் நோய்களின் பட்டியலில் "வெண்டை மஞ்சள் நரம்புத் தேமல்" என்று இருக்கிறது. அது பூஞ்சை நோயே அல்ல. வெள்ளை ஈ பரப்பும் வைரஸ். வந்த செடியைப் பிடுங்கி அப்புறப்படுத்துவதைத் தவிர வேறு வழியில்லை. வேப்ப எண்ணெய் ஈயைக் குறைக்கலாம், நோயை மாற்றாது. உங்கள் பட்டியலை நம்பி ஒருவர் அந்தச் செடியைத் தெளித்துத் தெளித்துக் காப்பாற்றப் பார்த்தால், சுற்றியுள்ள வெண்டை அத்தனைக்கும் அது பரவும்.

வீரியத்துக்குச் சான்றாக "அசாடிராக்டின் 1500 பிபிஎம்" (பத்து லட்சத்தில் 1500 பங்கு) என்று பெரிய எழுத்தில் போட்டிருக்கிறீர்கள். வேம்பில் உள்ள அசாடிராக்டின் பூச்சியைத் தின்னவிடாமலும் வளரவிடாமலும் செய்கிற பொருள். அதைப் பிரித்தெடுத்த பிறகு எஞ்சும் வேப்ப எண்ணெயும் சாம்பல் நோயைத் தடுக்கிறது. ஆக, பூஞ்சைக்கு முக்கியமான எண்ணெயின் அளவைச் சொல்லாமல் பூச்சிக்கான அசாடிராக்டின் அளவைக் காட்டி விற்கிறீர்கள். பூண்டுச் சாறு எவ்வளவு என்பதும் இல்லை. பூண்டை நசுக்கும்போது உண்டாகும் அல்லிசின் நெடுநாள் நிலைத்து நிற்காத பொருள். மூன்றாண்டு கெடாது என்று லேபிளில் எந்தச் சோதனையை வைத்து எழுதினீர்கள்?

"உலகிலேயே முதன்முறையாக வேம்பிலிருந்து பூஞ்சைக்கொல்லி" என்ற வரிதான் எனக்கு எல்லாவற்றையும்விட வலித்தது. செடிகளில் பூஞ்சையைக் கட்டுப்படுத்த வேப்ப எண்ணெயைப் பயன்படுத்தும் முறைக்கு அமெரிக்க வேளாண் துறையும் டபிள்யூ. ஆர். கிரேஸ் என்ற அமெரிக்க வேதிப்பொருள் நிறுவனமும் 1994-இல் ஐரோப்பியக் காப்புரிமை பெற்றன. சூழலியல் செயற்பாட்டாளர் வந்தனா சிவா உள்ளிட்டோர் அதை எதிர்த்துப் போராடினார்கள். 2000-இல் அந்தக் காப்புரிமை ரத்தானது. 2005 மார்ச்சில் மேல்முறையீடும் தள்ளுபடியானது. இது இந்திய மக்கள் ஏற்கெனவே அறிந்து பயன்படுத்திய அறிவு என்று அத்தனை ஆண்டு வாதாடி மீட்ட ஒன்றை, இந்த மண்ணிலேயே இருந்துகொண்டு உங்கள் கண்டுபிடிப்பு என்று எழுதுவது எந்த வகை நியாயம்?

பூச்சிக்கொல்லிகள் சட்டம், 1968-இன்படி பூஞ்சைக்கொல்லியாக விற்கும் பொருளில் பதிவு எண், உற்பத்தி உரிம எண், தொகுதி எண், காலாவதி நாள் எல்லாம் இருக்க வேண்டும். உங்கள் பாட்டிலில் தொகுதி எண்ணும் தேதியும் மட்டுமே இருக்கின்றன. பதிவு எண் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு பச்சை இலைப் படம்.

தாவரச் சாறுகளின் மேல் எனக்குக் குறையில்லை. சமைக்கிற கீரையிலும் பிஞ்சு வெண்டையிலும் ரசாயனம் வேண்டாம் என்றுதான் எங்கள் தெருவில் பல வீடுகள் மாடியில் பயிர் வைத்திருக்கின்றன. என் வெள்ளரியைப் பார்த்த பக்கத்து வீட்டம்மா, "இந்த வேம்பு, பூண்டு எல்லாம் சும்மா" என்று சொல்லிவிட்டு ரசாயன மருந்து வாங்கி வந்துவிட்டார். அவரை மனம் மாற்ற என்னிடம் இப்போது பதில் இல்லை. அந்தப் பழி வேம்பின் மேல் விழக் காரணம் நீங்கள்.

மருந்தின் விலையையும் கருகிய பயிருக்கான இழப்பீட்டையும் 15 நாட்களுக்குள் தர வேண்டும். கடைகளில் இருக்கும் பாட்டில்களைத் திரும்பப் பெற்று, எண்ணெய் அளவு, பயிர்வாரி அளவு, கந்தகத்தோடு கலக்கக் கூடாது என்ற எச்சரிக்கை, பதிவு எண் ஆகியவற்றோடு புதிய லேபிள் ஒட்டுங்கள். தேமல் நோயையும் "முதன்முறை" என்ற வரியையும் நீக்குங்கள். பதிவு எண் இல்லை என்றால் விற்பனையை நிறுத்துங்கள். பதில் வராவிட்டால், நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-இன் கீழ் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் மனு கொடுப்பேன். வேளாண் துறைக்கும் எழுதுவேன்.

பில், மீதி மருந்துள்ள பாட்டில், இலைகளின் புகைப்படங்கள், சேவை எண்ணில் பேசிய அழைப்பின் விவரம் ஆகியவை என்னிடம் உள்ளன. நகல்களை இணைத்திருக்கிறேன். செடிகளை இன்னும் பிடுங்கவில்லை. உங்கள் தொழில்நுட்ப அலுவலர் நேரில் வந்து பார்க்கலாம்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்
நங்கநல்லூர், சென்னை