பாப்பாவும் பாட்டியும்

அன்புள்ள மகளுக்கு,

நேற்று போனில் நீ கேட்டதற்கு உடனே பதில் சொல்ல வரவில்லை. எழுதினால்தான் எனக்குச் சரியாக வரும். அல்சைமர் என்கிற மறதி நோயால் பாட்டிக்கு ஒருநாள் லீவுக்கு இங்கே வந்திருக்கும் உன் பாப்பாவை அடையாளமே தெரியாமல் போனால் அவள் ஏங்கிப்போவாளே, அதனால் இப்போதே அதிகம் ஒட்டவிடாமல் இருக்கலாமா என்று கேட்டாய். வேண்டாம்மா. ஒட்டட்டும்.

பாட்டி சின்ன வயதில் பள்ளிக்கூடம் போகாமல் ஒளிந்துகொண்ட கதையைச் சொல்லி முடித்த கொஞ்ச நேரத்திலேயே மறுபடி ஆரம்பிப்பார். நானும் உன் அம்மாவும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்வோம். பாப்பாவோ புதுக்கதை கேட்பவளைப் போல அருகில் போய் உட்கார்ந்துவிடுவாள். எந்தக் கதைக்கும் 'இன்னொரு தடவை' என்று கேட்கிற வயது அவளுக்கு. சில நாள் பாட்டி அவளைத் தன் தங்கை என்று நினைத்துக் கூப்பிடுவார். இவளும் 'என்னக்கா' என்று போய் நிற்பாள்! திருத்த வேண்டும் என்றே அவளுக்குத் தோன்றுவதில்லை. நமக்குத்தான் வலிக்கிறது, பழைய பாட்டியைத் தேடுகிறோம். அவளுக்குத் தெரிந்தது இந்தப் பாட்டி மட்டும்தான்.

அல்சைமரில் ஆரம்பத்திலேயே அடிபடுவது மூளையின் ஹிப்போகாம்பஸ் பகுதி. புது நினைவுகள் பதிய அது வேண்டும். அதனால்தான் காலையில் நடந்தது நிற்பதில்லை, பள்ளிக்கூடக் கதை நிற்கிறது. ஆனால் மனநிலை அவ்வளவு சீக்கிரம் அழிவதில்லை. 2014-இல் அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் இந்த நோய் உள்ளவர்களுக்குச் சோகமான படக்காட்சிகளையும் சந்தோஷமான காட்சிகளையும் காட்டிப் பார்த்தார்கள். காட்சிகள் சீக்கிரமே மறந்துபோயின. அவை தந்த சோகமும் சந்தோஷமும் அதற்குப் பிறகும் நீடித்தன. பாப்பா விளையாடிவிட்டுப் போனபின் பாட்டி காரணம் தெரியாமலே கலகலப்பாக இருப்பதை நான் இங்கே பார்க்கிறேன்.

இன்னொன்று. வளர்ந்தபின் நம்மில் பெரும்பாலோருக்கு மூன்று, மூன்றரை வயதுக்கு முந்தையது எதுவும் நினைவில் இருப்பதில்லை. பாப்பாவுக்கு இப்போது அந்த வயதுதான். ஆக, இந்த சிநேகத்தை இரண்டு பேருமே மறக்கப்போகிறார்கள். அப்புறம் எதற்கு என்பாய். அந்த வயதில் நீ தாத்தாவின் தோளைவிட்டு இறங்கவே மாட்டாய். உனக்கு அதில் ஒன்றும் ஞாபகமில்லை. அதற்காக அது வீண் என்பாயா?

கஷ்டமே இல்லை என்று சொல்லவில்லை. சாயங்காலமானால் பாட்டிக்குத் தடுமாற்றம் கூடும், கோபமும் வரும். ஒருநாள் கத்திவிட்டார். 'நான் என்ன பண்ணேன்' என்று பாப்பா அழுதாள். சின்னப் பிள்ளைகள் எதையும் தங்கள்மேல் போட்டுக்கொள்வார்கள். 'பாட்டி தலைக்குள்ள ஒரு நோய், நீ செஞ்சதால வரல, உனக்கு ஒட்டிக்கவும் ஒட்டிக்காது' என்று உன் அம்மா சொன்னாள். அதன்பின் சமாதானமானாள். இரண்டு பேரையும் தனியாக விட்டுவிட்டு நாங்கள் நகர்வதில்லை. பாட்டியைப் பார்த்துக்கொள் என்று அவளிடம் சொல்வதும் இல்லை. அது அவள் வேலை இல்லை.

லீவு முடிந்து அவள் அங்கே வந்ததும் வீடியோ காலைக் காலை நேரத்தில் வைத்துக்கொள். 'நான் யாருன்னு சொல்லுங்க' என்று மட்டும் கேட்க வைக்காதே, பரீட்சை மாதிரி ஆகிவிடும். தன் பெயரைத் தானே சொல்லிவிட்டு நேரே பாட்டு பாடட்டும். பாட்டென்றால் பாட்டி உடனே சேர்ந்துகொள்கிறார். அடுத்த லீவுக்கும் அனுப்பி வை. டிக்கெட்டை இப்போதே போட்டுவிடு, கடைசி நேரத்தில் கிடைக்காது.

அன்புடன்,
அப்பா