பேத்தியின் சான்றிதழ்

அன்புள்ள கோமதி,

உன் கடிதம் கிடைத்தது. முழங்கால் வலி குறைந்திருப்பதில் மகிழ்ச்சி. இங்கே எல்லோரும் நலம். மழைதான் இல்லை; வானம் கறுப்பதோடு சரி.

உன் பேரன் விஷயத்துக்கு வருகிறேன். புத்தி இருந்தும் எழுத்து பிடிபடாத கற்றல் குறைபாடு என்று சான்றிதழ் வாங்கினால் பிள்ளைக்கு ஊனம் என்ற முத்திரை விழுந்துவிடும் என்று உன் மருமகள் பயப்படுவதாக எழுதியிருக்கிறாய். 'மக்கு', 'சோம்பேறி' என்று வகுப்பில் ஏற்கெனவே இரண்டு முத்திரை குத்தியாயிற்று. அதற்கு எந்த மருத்துவரிடம் கையெழுத்து வாங்கினார்கள்?

எங்கள் பேத்திக்கு அரசு மருத்துவமனையில்தான் பார்த்தோம். முதலில் குழந்தை மருத்துவர் கண்ணையும் காதையும் சோதித்தார். அடுத்து உளவியல் நிபுணர் அறிவுத்திறன் சோதனை வைத்தார். அதில் குறையில்லை என்று தெரிந்த பிறகுதான் வாசிப்பு, எழுத்து, கணக்கு எல்லாம். நான் ஓரமாக உட்கார்ந்திருந்தேன். ஒரு சின்னப் பத்தியை அவள் எழுத்தெழுத்தாக விரல் வைத்துப் படித்தாள். 'ழ' வந்த இடமெல்லாம் நின்றாள். வரி முடிவதற்குள் முதல் சொல் நினைவை விட்டுப் போயிருந்தது. இன்னொரு பத்தியை அந்த உளவியல் அம்மாளே வாசித்துக் காட்டிக் கேள்வி கேட்டார். ஒன்று விடாமல் பதில் சொன்னாளே! என் மகன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் சொல்லும் 21 வகைகளில் கற்றல் குறைபாடும் ஒன்று. தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர் என்று சலுகைகள் உண்டு. எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுவது புத்தகம். அச்சில் படிக்க இயலாதவர்களுக்காக ஒரு நூலை ஒலிவடிவில் மாற்றப் பதிப்புரிமை தடையாகாது என்று 2012-இல் நம் சட்டத்தைத் திருத்தினார்கள். இதையே உலக அளவில் செய்யும் மராக்கேஷ் உடன்படிக்கையை 2014-இல் முதலில் ஏற்றதும் இந்தியாதான். பார்வையற்றவர்களுக்கு மட்டும் என்று நினைத்துவிடாதே. எழுத்து பிடிபடாத பிள்ளைகள், கை நடுக்கத்தால் புத்தகத்தைப் பிடிக்க முடியாதவர்கள் எல்லோருக்கும் இது உண்டு. 'சுகம்ய புஸ்தகாலயா' என்ற இணைய நூலகம் இவர்களுக்காகவே இருக்கிறது. அதில் சேரவும் சான்று வேண்டும்.

அமெரிக்காவில் பார்வையற்றோருக்கான தேசிய நூலகச் சேவை, வாசிப்புக் குறைபாட்டுக்கு மருத்துவரே கையெழுத்திட வேண்டும் என்ற நிபந்தனையை 2021-இல் எடுத்துவிட்டது. ஆசிரியர், நூலகர் கையெழுத்தும் செல்லும். நியாயம்தானே? பிள்ளை திணறுவதை அன்றாடம் பார்ப்பவர் ஆசிரியர்தான். நமக்கு மருத்துவமனைப் படிக்கட்டுதான் கதி. அந்த அலைச்சலைப் பற்றி எழுதினால் இன்னொரு தாள் வேண்டும்.

பேரனுக்கு எட்டு வயது நிரம்பிவிட்டதா? 2018 விதிகளில் அதற்கு முன் சான்று கிடையாது, 14 வயதிலும் 18 வயதிலும் மறுபரிசோதனை என்றிருந்தது. மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் இப்போதைய நடைமுறையையும், மருத்துவக் குழு எந்தக் கிழமை கூடுகிறது என்பதையும் கேட்டுக்கொண்டு கிளம்புங்கள். பழைய நோட்டுகளையும் விடைத்தாள்களையும் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். எங்களிடம் அவற்றைத்தான் முதலில் கேட்டார்கள். பள்ளியிலிருந்து ஒரு கடிதமும் வாங்கிக்கொள்ளுங்கள்.

மருமகளை ஞாயிற்றுக்கிழமை என் மருமகளோடு போனில் பேசச் சொல். அவளும் முதலில் இப்படித்தான் அழுதாள்.

அன்புடன்,
சரோஜா