பருவ இறுதிக் கடிதம், ஆலோசனை அறை பற்றிச் சில வார்த்தைகளோடு

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். இன்னொரு பருவம் நல்லபடியாக முடிந்திருக்கிறது. விளையாட்டு விழா, அறிவியல் கண்காட்சி, பேச்சுப் போட்டி என எல்லாவற்றிலும் பிள்ளைகள் ஆர்வத்தோடு கலந்துகொண்டார்கள். பரிசு வாங்கியவர்களுக்கு வாழ்த்துகள், வாங்காதவர்களுக்கும்தான். தேர்வு முடிவுகளும் மகிழ்ச்சி தருகின்றன. விவரங்களை மதிப்பெண் அட்டையில் பார்த்துக்கொள்ளலாம்.

அப்புறம், ஆலோசனை அறையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே பேச வேண்டியிருக்கிறது.

நம் பள்ளி ஆலோசகர் என்ன படித்திருக்கிறார், என்னதான் செய்கிறார் என்று உங்களில் பலர் கேட்டிருந்தீர்கள். நியாயமான கேள்வி. அவர் உளவியலில் முதுநிலைப் பட்டம் பெற்றவர். அதன்பின் ஆலோசனைப் பயிற்சி முடித்து, மூத்தவர் ஒருவரின் மேற்பார்வையில் பிள்ளைகளோடு நேரடியாக வேலை செய்தவர். இன்றும் சிக்கலான விஷயம் வந்தால், பிள்ளையின் பெயரோ அடையாளமோ சொல்லாமல், மேற்பார்வையாளரோடு கலந்து பேசுகிறார். அனுபவம் போதாமல் கேட்கிறார் என்று நினைக்க வேண்டாம். அந்தத் துறையில் பழுத்தவர்களும் அப்படித்தான் செய்கிறார்கள். அவர் மனநல மருத்துவர் அல்ல, மருந்து எழுதித் தர மாட்டார். மருத்துவரைப் பார்ப்பது நல்லது என்று தோன்றினால் உங்களிடம் சொல்வார். அப்படிச் சொன்னால் ‘என் பிள்ளைக்கு என்ன குறை’ என்று அவரிடம் சண்டைக்குப் போக வேண்டாம்.

அவர் வேலை செய்யும் விதத்துக்கு அடிப்படை, கார்ல் ராஜர்ஸ் என்ற உளவியலாளர் வகுத்த வழி. எதிரில் இருப்பவரை நிபந்தனை போடாமல் ஏற்பது, அவர் இடத்திலிருந்து புரிந்துகொள்வது, பாசாங்கு இல்லாமல் நடப்பது. மனமாற்றத்துக்கு இவை தேவை என்றும், இவையே போதும் என்றும் 1957-இல் ராஜர்ஸ் எழுதினார். ‘போதும்’ என்பதை எல்லோரும் ஒப்புக்கொள்வதில்லை; நம் ஆலோசகரும் ஒப்புக்கொள்வதில்லை. அதனால் 1960-களில் ஆரன் பெக் என்ற மனநல மருத்துவர் உருவாக்கிய, நம் நினைப்பையும் அதனால் வரும் நடத்தையையும் சோதித்து மாற்ற உதவும், சிபிடி எனப்படும் முறையையும் பயன்படுத்துகிறார். ஒரு தேர்வில் சறுக்கிய பிள்ளை ‘எனக்கு எதுவுமே வராது’ என்று நினைத்துக்கொள்கிறது. நினைப்பு பயமாகிறது, பயத்தில் புத்தகத்தையே திறப்பதில்லை, அடுத்த தேர்வும் போகிறது. இங்கே ‘பயப்படாதே’ என்று சொல்லிப் பயனில்லை. எது வருகிறது, எந்த இடத்தில் தடுக்கிறது, அந்த ‘எதுவுமே’ உண்மைதானா என்று பிள்ளையே சோதித்துப் பார்க்க அவர் உதவுகிறார். சின்ன வகுப்புப் பிள்ளைகளிடம் பேச்சு குறைவு. படம், பொம்மை, மணல் என்றுதான் நேரம் போகும். ‘சும்மா விளையாட விட்டு அனுப்புகிறார்’ என்று ஒரு புகார் வந்தது. வாயால் சொல்லத் தெரியாததைச் சின்னப் பிள்ளைகள் அந்த விளையாட்டில்தான் காட்டுகிறார்கள்.

இனி நான் சொல்ல வந்த விஷயம். இந்தப் பருவத்தில் ஆலோசனை அறை வாசலில் பெற்றோர் காத்திருப்பது அதிகமாகிவிட்டது. ‘உள்ளே என்ன சொன்னான்?’ என்ற கேள்வி அறையை விட்டு வெளியே வந்த பிள்ளைக்கு முதலில், ஆலோசகருக்கு அடுத்து, இரவில் தொலைபேசியில் மறுபடியும். ‘எங்களிடம் மறைப்பதை நீங்கள் கேட்டுச் சொல்லுங்கள்’ என்றும், ‘நான் சொன்னேன் என்று தெரியாமல் நல்லா புத்தி சொல்லுங்கள்’ என்றும் குறுஞ்செய்திகள். இதெல்லாம் அக்கறையில் வருவதுதான், புரிகிறது. நானும் ஒரு பெற்றோர்தான். ஆனால் சொன்னது சாயங்காலமே வீட்டுக்குப் போய்ச் சேரும் என்று தெரிந்தால், அடுத்த முறை அந்தப் பிள்ளை ‘ஒன்றுமில்லை, நல்லா இருக்கிறேன்’ என்று சொல்லிவிட்டுப் போய்விடும். பெரிய வகுப்புப் பிள்ளைகள் வரவே மாட்டார்கள். சிலர் வருவதை நிறுத்தியும் விட்டார்கள்.

ஆகவே தெளிவாகச் சொல்கிறேன். உள்ளே பேசியது அங்கேயே இருக்கும். ஆலோசகரின் குறிப்பேட்டை யாருக்கும் காட்ட மாட்டோம். எனக்கும் காட்டுவதில்லை, நான் கேட்பதுமில்லை. வகுப்பாசிரியர்களுக்கும் இதே விதிதான். வாசலில் காத்திருப்பதை இனி அனுமதிக்க மாட்டோம். பள்ளி நேரம் முடிந்தபின் ஆலோசகரை அழைக்கக் கூடாது. இன்னொரு வீட்டுப் பிள்ளை எதற்காக அங்கே போகிறது என்று பெற்றோர் குழுவில் விவாதிப்பது அநாகரிகம், அதற்கு மேல் அதைப் பற்றி எழுத விரும்பவில்லை. ‘ஒழுங்காக இல்லாவிட்டால் அந்த ரூமுக்கு அனுப்பச் சொல்வேன்’ என்று வீட்டில் மிரட்டுவதையும் விட்டுவிடுங்கள். அது தண்டனை அறை அல்ல.

அப்படியென்றால் ஆபத்து வந்தாலும் சொல்ல மாட்டீர்களா என்று கேட்கலாம். சொல்வோம். பிள்ளை தன்னைக் காயப்படுத்திக்கொள்ளும் நிலையில் இருந்தாலோ, வேறு யாருக்காவது தீங்கு நேரும் என்றாலோ, யாராவது பிள்ளையைத் துன்புறுத்துகிறார்கள் என்று தெரிந்தாலோ ஆலோசகர் அதைத் தன்னோடு வைத்துக்கொள்ள மாட்டார். பாதுகாப்புக்குத் தேவையானவர்களிடம் தேவையான அளவுக்குச் சொல்வார். இதை முதல் சந்திப்பிலேயே பிள்ளைக்குப் புரியும்படி சொல்லியும் விடுகிறார்.

மற்றபடி நீங்கள் கேட்கக்கூடியவையும் நிறைய உண்டு. பிள்ளை தொடர்ந்து வருகிறதா, பொதுவாக முன்னேற்றம் தெரிகிறதா, வீட்டில் நாங்கள் எதை மாற்றிக்கொள்ளலாம் என்று தாராளமாகக் கேளுங்கள். கடைசிக் கேள்வியை இதுவரை கேட்டவர்கள் சிலர்தான். அவர்களோடு பேசியது வேலையைப் பாதி சுலபமாக்கியது என்று ஆலோசகர் சொன்னார். அலுவலகத்தில் நேரம் வாங்கிக்கொண்டு வந்தால் அவசரமில்லாமல் உட்கார்ந்து பேசலாம். இரண்டு சந்திப்பில் எல்லாம் சரியாகிவிட வேண்டும் என்று மட்டும் எதிர்பார்க்காதீர்கள்.

தயக்கத்தைத் தள்ளிவைத்துப் பிள்ளைகளை அனுப்பி வைத்த பெற்றோர்களுக்கு நன்றி. உறவினர்கள் என்ன சொல்வார்களோ என்ற கவலையையும் தாண்டித்தான் பலர் ஒப்புதல் தந்தீர்கள் என்று எனக்குத் தெரியும். புதிய ஒப்புதல் படிவம் இத்துடன் இருக்கிறது. படித்துப் பார்த்து, சம்மதமானால் கையெழுத்திட்டு, பள்ளி திறக்கும் வாரத்தில் வகுப்பாசிரியரிடம் கொடுத்தனுப்புங்கள். விடுமுறையை நன்றாகக் கழியுங்கள்.

அன்புடன்,
தலைமையாசிரியர்