வகுப்பறைக் கீபோர்டுத் தொகுப்பில் ஒலித் தாமதம்: பணத்தைத் திரும்பக் கோரும் புகார்

சுங்கை சிப்புட், பேராக்.

வாடிக்கையாளர் சேவைப் பிரிவு மேலாளர் அவர்களுக்கு,

ஐயா / அம்மையீர்,

ஆசிரியர் கல்விக் கழகத்தில் பயிலும் நான், செம்பனைத் தோட்டத்தை ஒட்டிய தமிழ்ப்பள்ளி ஒன்றில் பயிற்றுப்பணி மேற்கொண்டு வருகிறேன். கடந்த ஜனவரியில், கீபோர்டும் புளூடூத் ஒலிபெருக்கியும் அடங்கிய தங்களின் வகுப்பறைத் தொகுப்பை, உதவித்தொகையில் சேமித்த 1,290 ரிங்கிட்டைச் செலுத்தி வாங்கினேன். ‘தாமதமின்றி ஒலிக்கும்’ என்று தங்கள் விளம்பரம் கூறியதே நான் இத்தொகுப்பைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம்.

கட்டையை அழுத்திய பிறகே, சற்றுப் பொறுத்து, ஒலி வருகிறது. கீபோர்டில் உள்ளமைந்த ஒலிபெருக்கி இல்லாததால் ஆறு வாரங்கள் இதிலேயே கர்நாடக இசையின் தொடக்கப் பயிற்சியான சரளி வரிசையைப் பழகினேன். ஞாயிறுதோறும் எனக்கு இசை கற்பிக்கும் ஆசிரியை, அவருடைய கீபோர்டில் நான் வாசித்ததைக் கேட்டுவிட்டு, “ஒவ்வொரு ஸ்வரத்திலும் தாளத்துக்கு முந்துகிறாயே, ஏனம்மா?” என்று கேட்டார். தாமதத்தை ஈடுகட்ட என் விரல்கள் முன்கூட்டியே விழப் பழகியிருந்தன. அதைத் திருத்த இன்றும் பாடுபடுகிறேன்.

வகுப்பில் நடந்தது என்னை இன்னும் அதிகமாக வருத்தியது. எட்டே மாணவர்கள் கொண்ட நான்காம் ஆண்டு வகுப்பில், மற்றவர்கள் ஆதி தாளம் போட, ஒரு மாணவி வாசித்தாள். ஒலி பின்தங்கியதும் தாளம் கலைந்தது. மெல்லத் தொட்டதுதான் தவறோ என்று எண்ணி, விரல் நுனி வெளுக்கும் அளவுக்குக் கட்டையை அழுத்தினாள். பிறகு கையை எடுத்துக்கொண்டு, “எனக்கு வரல டீச்சர்” என்றாள். பிழை கருவியினுடையது என்று அவளுக்கு எடுத்துச் சொன்ன பிறகும் அன்று அவள் கீபோர்டின் அருகில் வரவில்லை.

அன்று மாலையே, விநாடிக்கு 30 படங்கள் பதியும் கைப்பேசிக் காணொளியில் இதைச் சோதித்தேன். விரல் கட்டையில் பட்டதற்கும் ஒலி கேட்டதற்கும் இடையே ஏழு படங்கள், அதாவது சுமார் 230 மில்லிவிநாடி, கடந்திருந்தன. நிமிடத்திற்கு 80 தட்டு என்ற வேகத்தில் ஒரு தட்டுக்கு 750 மில்லிவிநாடிதான். அதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு வீணாகிறது. ஈப்போவில் வாங்கிய கேபிளால் அதே ஒலிபெருக்கியை இணைத்தபோது தாமதம் மறைந்தது. புளூடூத்தில் ஒலி சுருக்கப்பட்டு, அனுப்பப்பட்டு, ஒலிபெருக்கியில் சற்றே சேமிக்கப்பட்ட பிறகே விரிகிறது. திரைப்படம் பார்க்கும்போது படத்தையும் அதற்கேற்பத் தாமதப்படுத்தலாம். வாசிப்பவரின் விரலைத் தாமதப்படுத்த முடியாது. இது தங்கள் பொறியாளர்களுக்குத் தெரியாததன்று: ‘நேரடி வாசிப்புக்குக் கேபிளைப் பயன்படுத்தவும்’ என்று கையேட்டின் 31ஆம் பக்கத்தில் பொடி எழுத்தில் தாங்களே அச்சிட்டிருக்கிறீர்கள். ஆனால் பெட்டியில் கேபிள் இல்லை.

இவற்றையெல்லாம் காணொளியுடன் அனுப்பியதற்கு, ‘புதிதாகக் கற்பவர்களுக்கு இவ்வாறு தோன்றுவது இயல்பு, பழகப் பழகச் சரியாகிவிடும்’ என்று பதில் வந்தது. நான் புதிதாகக் கற்பவள் என்பது உண்மைதான். ஆனால் புதிதாகக் கற்பவருக்குத்தான் பிழையற்ற கருவி மிகவும் தேவை; தேர்ந்தவர் தாமதத்தைக் கண்டுகொள்வார், குழந்தையோ தன்னையே குறை சொல்லிக்கொள்ளும்.

விற்கப்படும் பொருள் அதன் விவரிப்புக்கு ஒத்திருக்க வேண்டும் என்று 1999ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் கூறுகிறது. ஆகவே, தொகுப்பைத் தங்கள் செலவில் திரும்பப் பெற்று முழுத் தொகையையும் 14 நாள்களுக்குள் வழங்குமாறும், ‘தாமதமின்றி’ என்ற சொல்லை விளம்பரத்திலிருந்து நீக்குமாறும் கேட்டுக்கொள்கிறேன். தவறினால், பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்தில் மனு செய்வேன். பற்றுச்சீட்டின் நகலையும் காணொளியையும் இணைத்துள்ளேன்.

இப்படிக்கு,
பயிற்சி ஆசிரியை