தெருக் கேமராப் பணி நிறைவு: உறுப்பினர்களுக்குச் செயலாளரின் அறிக்கை

மதிப்பிற்குரிய உறுப்பினர்களுக்கு வணக்கம்.

விளாங்குடியில் நம் தெருவின் 12 கேமராக்களும் இரவு பகலாக வேலை செய்கின்றன. கம்பம் நட்டது, கேபிள் இழுத்தது, பலகை மாட்டியது எல்லாம் முடிந்துவிட்டன. 1,85,000 ரூபாய் என்று மதிப்பிட்ட வேலைக்கு 2,13,400 ரூபாய் ஆனது ஏன் என்று போன கூட்டத்தில் கேட்டீர்கள். கேட்டதில் தவறே இல்லை. ஆனால் கமிட்டி கமிஷன் வாங்கியதாக டீக்கடையில் பேசப்பட்டது மனதைப் புண்படுத்திவிட்டது. ஆகவே ஒளிவுமறைவின்றி எழுதுகிறேன்.

இந்த வேலையை எதற்காகத் தொடங்கினோம் என்பதை மறந்துவிட வேண்டாம். அழகர் ஆற்றில் இறங்குவதைப் பார்க்க 19-ஆம் எண் வீட்டார் பூட்டிவிட்டுப் போன அன்று, பீரோவை உடைத்தவன் டிவிக்குக் கீழே இருந்த, கேமராப் படங்கள் சேரும் பதிவுப் பெட்டியையும் பிடுங்கிக்கொண்டு போய்விட்டான். சுவரில் நான்கு வயர்கள் மட்டும் தொங்கின. கேமரா இருந்தது, படம் இல்லை. பதிவின் நகல் ஒன்று தெருவுக்கு வெளியே, திருடன் கைக்கு எட்டாத இடத்தில் இருக்க வேண்டும் என்று அன்று ஒருமனதாகத் தீர்மானித்தோம்.

முதலில் வந்த ஒப்பந்தக்காரர் '30 நாள் பதிவு கிளவுடில் (இணையம் வழிச் சேமிப்பகத்தில்) இருக்கும், மாதச் செலவு மிகக் குறைவு' என்று எழுதிக் கொடுத்தார். மூன்று விலைப்புள்ளிகளில் அவருடையதுதான் குறைவு. அதை நம்பி முன்பணம் கொடுத்தது கமிட்டியின் முடிவு. அதற்கு நான் பொறுப்பேற்கிறேன். வேலை ஏறக்குறைய முடிந்த நேரத்தில் நம் பொருளாளர் அவரோடு டீ குடித்துக்கொண்டிருந்தார். ஒப்பந்தக்காரர் ஏதோ காட்டுவதற்காகத் தம் கைபேசியைத் திறந்தார். திரையில் நம் தெரு. 8-ஆம் எண் வீட்டு அம்மா சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, குனிந்து வாசலில் கோலம் போட்டுக்கொண்டிருந்தார். காலை 5:10 மணிக்குப் பதிவானது. பொருளாளர் டீயை அப்படியே வைத்துவிட்டு எழுந்து வந்துவிட்டார்.

விசாரித்தபோது எல்லாம் தெரிந்தது. கிளவுட் கணக்கு சங்கத்தின் பெயரில் இல்லை, அவருடைய பெயரில் இருந்தது. கடவுச்சொல்லும் அவரிடம்தான். 30 நாள் என்றவர் வாங்கியிருந்தது 7 நாள் திட்டம். கேமராக்களில் கம்பெனி போட்டு அனுப்பிய கடவுச்சொல்லைக்கூட மாற்றவில்லை. 2016-இல் மிராய் என்ற தீநிரல் உலகம் முழுவதும் கேமராக்களைக் கைப்பற்றியது இப்படிப்பட்ட மாற்றாத கடவுச்சொற்களால்தான். கணக்கை மாற்றிக் கொடுங்கள் என்று நான்கு முறை போய்க் கேட்டோம். 'பராமரிப்பு ஒப்பந்தம் போட்டால் தருகிறேன்' என்றார். நம் வீட்டுப் பெண்களின் நடமாட்டத்தைப் பணயமாக வைத்துப் பேரம் பேசுகிறவரோடு இனிப் பேச்சில்லை என்று அன்றே அவரை நிறுத்தினோம். இன்று கேட்டாலும் அதே முடிவைத்தான் எடுப்பேன்.

கூடுதல் 28,400 ரூபாயின் கணக்கு இதுதான்: அவருடைய கடவுச்சொல்லால் பூட்டிக் கிடந்த பதிவுப் பெட்டிக்குப் பதில் புதியது 14,500. திரும்பாத முன்பணம் 9,000. மின்வெட்டிலும் பதிவு நிற்காமல் இருக்க யு.பி.எஸ். 4,900.

அடுத்த கேள்வி, முழுப் பதிவையும் ஏன் வெளியே அனுப்பவில்லை என்பது. ஒரு கேமரா நொடிக்கு 2 மெகாபிட் அனுப்பினால் ஒரு நாளில் 21.6 ஜிகாபைட் சேரும். 12 கேமராவுக்கு 30 நாளில் ஏறக்குறைய 7.8 டெராபைட். டெராபைட்டுக்கு மாதம் 6 டாலர் என்ற மலிவான சேமிப்பகத்தில் வைத்தாலும் மாதம் 4,000 ரூபாயைத் தொடும். இணைய இணைப்பும் இரவு பகலாக நொடிக்கு 24 மெகாபிட்டை மேலே தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். நம் சந்தாவுக்கு அது கட்டாது. எனவே முழுப் பதிவு தெருவிலுள்ள பெட்டியில் இருக்கிறது. ஆள் நடமாட்டம் தெரிந்தால் அந்தத் துண்டு மட்டும் வெளியே போகிறது. நாளொன்றுக்கு 12 ஜிகாபைட் அளவில்தான் வருகிறது.

வெளியே என்றால் திருநகர். 11-ஆம் எண் வீட்டுக்காரரின் அக்கா தம் வீட்டு அலமாரியில் இடம் கொடுத்திருக்கிறார். அங்கே ஒரு சிறு கணினியும் 4 டெராபைட் வட்டும் இருக்கின்றன. வாடகை வேண்டாம் என்றுவிட்டார். மின்கட்டணத்தை மட்டும் சங்கம் கொடுக்கிறது. 'யாரோ ஒருவர் வீட்டில் நம் படமா' என்று கவலைப்படுகிறவர்களுக்கு: இங்கே பதிவுப் பெட்டியின் அருகே உள்ளங்கை அளவு ராஸ்பெரி பை கணினி ஒன்று இருக்கிறது. ஆர்குளோன் என்ற இலவச மென்பொருள் ஒவ்வொரு துண்டையும் மறையாக்கம் செய்த பிறகே அனுப்புகிறது. அந்த வட்டைக் கழற்றி வேறு கணினியில் மாட்டினாலும் சாவிச்சொல் இல்லாமல் யாராலும் எதையும் பார்க்க முடியாது. சாவிச்சொல் பாதி தலைவரிடமும் பாதி என்னிடமும் உறையிட்டு முத்திரை வைத்து இருக்கிறது. பதிவைத் திறந்து பார்க்க வேண்டுமானால் இருவரும் சேர்ந்தே உட்கார வேண்டும். சன்னல்களும் மாடிகளும் தெரியும் பகுதிகளைக் கேமராவிலேயே கறுப்பாக மறைத்துவிட்டோம்.

2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய சாக்ஷிய அதிநியம் என்ற சாட்சியச் சட்டத்தின் 63-ஆம் பிரிவுப்படி, மின்னணுப் பதிவைச் சாட்சியமாகக் கொடுக்கும்போது சான்றிதழில் அதன் ஹாஷ் எண்ணையும் (பதிவில் சிறு மாற்றம் செய்தாலும் மாறிவிடும் அடையாள எண்) எழுத வேண்டும். ஆகவே ஒவ்வொரு துண்டும் சேரும்போதே அந்த எண் குறிக்கப்பட்டுவிடுகிறது.

வரவு: 38 வீடுகள், தலா 4,500 ரூபாய் வீதம் 1,71,000. நன்கொடை: சிங்கப்பூரில் வேலை பார்க்கும் 7-ஆம் எண் வீட்டுப் பிள்ளை 15,000, மருந்துக்கடைக்காரர் 10,001, ஓய்வுபெற்ற தலைமையாசிரியை அம்மா 5,001, அரிசி மண்டிக்காரர் 5,001, மாட்டுத்தாவணிப் பூ வியாபாரி 3,000, கடைசி வீட்டு ஆட்டோ ஓட்டுநர் தம் ஒரு நாள் வருமானமாக 501, கூட்டத்தில் தட்டில் சேர்ந்தது 3,896. ஆறு கம்பங்களை இரும்புக்கடைக்காரர் காசு வாங்காமல் கொடுத்தார். நன்கொடையாக வந்தது 42,400. மொத்த வரவு 2,13,400. கையிருப்பு இல்லை, கடனும் இல்லை.

போன வியாழக்கிழமை பதிவுப் பெட்டியை வேண்டுமென்றே பிடுங்கி வைத்துவிட்டுத் திருநகருக்குப் போனோம். தலைவர் பாதியையும் நான் மீதியையும் தட்டச்சு செய்தோம். அன்று காலை பால்காரர் 19-ஆம் எண் வாசலில் சைக்கிளை நிறுத்துவது தெளிவாகத் தெரிந்தது. அந்த வீட்டுக்காரரும் எங்களோடு வந்திருந்தார். ஒன்றும் பேசவில்லை, இன்னொரு முறை ஓட்டச் சொல்லிப் பார்த்தார்.

ரசீதுகள் அனைத்தும் என் வீட்டில் இருக்கின்றன. மாலை ஆறு மணிக்கு மேல் யார் வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம். அடுத்த சோதனை மாதத்தின் முதல் ஞாயிறு. உறுப்பினர் இருவர் உடன் வர வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்